ஜெர்மன் டிசைன், கான்பூர் தயாரிப்பு, இலங்கை விமானி: டோர்னியரின் ‘பாஸ்வேர்டு’ யாரிடம்?

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எனக் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கடலுக்கு மேலே, மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் ஒரு சின்ன விமானம் ரோந்து போகும். உடம்புக்கு மேலே பொருத்திய இறக்கை, இரண்டு புரொப்பல்லர், நீண்ட மூக்கு. புயல் வரும் என்று தெரிந்தால் ஆழ்கடலில் இருக்கும் படகுகளைக் கரை திரும்பச் சொல்லி எச்சரிப்பதும் இதன் வேலைகளில் ஒன்று. பெயர் டோர்னியர் 228.

இதே ரக விமானம் ஒன்றை 2022 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா இலங்கைக்குக் கொடுத்தது. கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் நடந்த நிகழ்ச்சியில் அப்போதைய அதிபர் ரணில் விக்ரமசிங்கவும் கலந்துகொண்டார். அடுத்த நாள், ஆகஸ்ட் 16, சீனாவின் ‘யுவான் வாங் 5’ கப்பல் அம்பாந்தோட்டை துறைமுகத்துக்குள் நுழைந்தது. செயற்கைக்கோள், ஏவுகணைகளைக் கண்காணிக்கும் திறன் கொண்ட கப்பல் அது. அதன் வருகை பற்றி இந்தியா ஏற்கெனவே கவலை தெரிவித்திருந்தது.

விமானம் கொடுத்த நாட்டின் கவலையை வாங்கிய நாடு ஏன் கேட்கவில்லை? கொடுத்த விமானத்தின் மீது இந்தியாவுக்கு உண்மையில் எவ்வளவு பிடி இருக்கிறது? தமிழ்நாட்டு மீனவர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இதற்கெல்லாம் விடை தேட, இந்த விமானம் எங்கே பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜெர்மன் விமானம் கான்பூருக்கு வந்தது எப்படி?

டோர்னியர் 228 முதன்முதலில் பறந்தது 1981இல், அன்றைய மேற்கு ஜெர்மனியில். 19 பேர் வரை ஏறலாம். குறுகிய ஓடுபாதை போதும். மெதுவாக, தாழ்வாக, நீண்ட நேரம் பறக்க முடியும். கடலோரக் கண்காணிப்புக்கு வேண்டியதும் இதுதான்.

1983இல் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம், அதாவது ஹெச்.ஏ.எல்., இதை லைசென்ஸ் முறையில் தயாரிக்க டோர்னியருடன் ஒப்பந்தம் போட்டது. உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் ஆலையில் வேலை தொடங்கியது. விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை மூன்றும் இதை வாங்கின. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் கான்பூரிலிருந்து வெளியே வந்திருக்கின்றன.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனம் 1996இல் அமெரிக்காவின் ஃபேர்சைல்டு கைக்குப் போனது. அந்தக் கூட்டு நிறுவனம் 2002இல் திவாலானது. பிறகு 228இன் உரிமையை சுவிட்சர்லாந்தின் ருவாக் நிறுவனம் எடுத்து, புதிய தலைமுறை மாடலை உருவாக்கியது. அதற்கான உடற்பகுதி, இறக்கை போன்ற பாகங்கள் எங்கிருந்து போயின தெரியுமா? கான்பூரிலிருந்துதான். லைசென்ஸ் கொடுத்த கம்பெனி காணாமல் போனது, லைசென்ஸ் வாங்கிய ஆலை ஓடிக்கொண்டே இருக்கிறது.

லைசென்ஸ் தயாரிப்பு என்றால் என்ன?

ஆபீஸ் லேப்டாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் மேஜையில்தான் இருக்கிறது, தினமும் நீங்கள்தான் பயன்படுத்துகிறீர்கள். ஆனால் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் போட வேண்டுமென்றால் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது ஐ.டி. டீமிடம் இருக்கிறது. அவர்கள் லீவு போட்டால் உங்கள் வேலையும் நிற்கும்.

லைசென்ஸ் முறையில் தயாரிக்கும் ராணுவ விமானமும் கிட்டத்தட்ட இப்படித்தான். வரைபடங்களும் தயாரிப்பு முறையும் கைக்கு வந்துவிடும். ஆனால் இன்ஜின் யாருடையது, உதிரிபாகம் எங்கிருந்து வரும், மூன்றாவது நாட்டுக்குக் கொடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற கேள்விகள் ஒப்பந்தத்துக்குள் ஒளிந்திருக்கும். டோர்னியர் 228இன் இன்ஜினும் ஜெர்மனியுடையது அல்ல. அமெரிக்காவின் கேரட் நிறுவனம் வடிவமைத்தது. இப்போது அது ஹனிவெல் வசம் இருக்கிறது.

அமைதிக் காலத்தில் இதெல்லாம் ஃபைலில் தூங்கும். போர் வந்தால்தான் எழுந்திருக்கும். இதற்கு வரலாற்றில் நல்ல உதாரணங்கள் உண்டு. அவையும் ஜெர்மன் விமானங்கள்தான்.

இரண்டாம் உலகப் போரில் என்ன நடந்தது?

ஹிட்லரின் ஜெர்மனிக்கு ஹங்கேரி, ருமேனியா போன்ற சிறிய கூட்டாளிகள் இருந்தார்கள். ஹங்கேரி, ஜெர்மனியுடன் ஒப்பந்தம் போட்டு மெஸ்ஸர்ஷ்மிட் 109, 210 ரகப் போர் விமானங்களைத் தன் மண்ணிலேயே தயாரித்தது. சொந்த ஆலை, சொந்தத் தொழிலாளர்கள். ஆனால் தயாரானதில் ஒரு பங்கு ஜெர்மனிக்குப் போனது. ஆலை ஹங்கேரியில் இருந்ததால் அமெரிக்கக் குண்டுகளும் ஹங்கேரியில்தான் விழுந்தன. 1944 ஏப்ரலில் கியோர் நகரின் விமான ஆலை தாக்கப்பட்டது. லாபத்தில் பங்கு இருந்தது, ஆபத்து மட்டும் முழுசாக ஹங்கேரி தலையில்.

ருமேனியா கதை இன்னும் சுவாரஸ்யம். 1944 ஆகஸ்ட் 23 அன்று அந்த நாடு ஜெர்மனியை விட்டு விலகி எதிரணியில் சேர்ந்தது. அதுவரை ஜெர்மனிக்காகப் பறந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்கள் அதன்பின் ஜெர்மன் படைகளுக்கு எதிராகப் பறந்தன. விமானத்தைக் கொடுத்தவனால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் ஜெர்மனியிலிருந்து உதிரிபாகம் வருவது நின்றுபோனது. நாளாக நாளாகப் பறக்கும் விமானங்கள் குறைந்தன.

ஸ்பெயின் 109ஐத் தயாரிக்க லைசென்ஸ் வாங்கியிருந்தது. போர் நெருக்கடியில் ஜெர்மனியால் இன்ஜின் அனுப்ப முடியவில்லை. உடம்பு இருக்கிறது, இதயம் இல்லை என்ற நிலை. வேறு நாட்டு இன்ஜின்களைப் பொருத்தித்தான் அந்த விமானங்களைப் பறக்கவிட்டார்கள், போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் இன்ஜினையும் பொருத்தினார்கள். போர்க்காலத்தில் 109ஐ எதிர்த்து நின்ற பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் இருந்ததும் மெர்லின் இன்ஜின்தான்!

இந்த மூன்று நாடுகளின் அனுபவமும் சொல்வது ஒன்றுதான். விமானம் யாரை நோக்கிப் பறக்கும் என்பதைக் கொடுத்தவர் முடிவு செய்ய முடியாது. எத்தனை நாள் பறக்கும் என்பதில் மட்டும் அவருக்குக் கை இருக்கிறது.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் தெரியாதா?

நன்றாகவே தெரியும், அடிபட்டே கற்றது. போர்க்காலத்தில் ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க், 1950களில் பெங்களூரு ஹெச்.ஏ.எல்.லுக்கு வந்தார். அவர் தலைமையில் உருவானதுதான் ஹெச்.எஃப்-24 மாருத். 1961இல் முதன்முதலில் பறந்தது, 1971 போரில் ராஜஸ்தான் முனையில் களம் கண்டது. விமானத்தின் வடிவமைப்பு நன்றாக இருந்தது. ஆனால் அதற்கேற்ற வலுவான இன்ஜின் கடைசி வரை கிடைக்கவில்லை. பிரிட்டனின் ஆர்ஃபியஸ் இன்ஜினை வைத்தே ஓட்ட வேண்டியிருந்தது. திட்டமிட்ட வேகத்தை மாருத் எட்டவே இல்லை.

அந்தக் காலத்தில் ஜெர்மன் வல்லுநர்கள் பெங்களூருவில் மட்டும் இல்லை. இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் குரோம்பேட்டையின் எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தபோது, அந்தத் துறையின் தலைவராக இருந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த வால்டர் ரெபன்தின்.

இன்னொரு அனுபவம் 2006–07 காலத்தில் வந்தது. பிரிட்டனில் தயாரான ஐலேண்டர் கடல் கண்காணிப்பு விமானங்களை மியான்மருக்குக் கொடுக்க இந்தியா முடிவு செய்தபோது பிரிட்டன் எதிர்ப்பு தெரிவித்தது. அங்கே ராணுவ ஆட்சி நடக்கிறது, ஐரோப்பியத் தடை இருக்கிறது என்பது அதன் வாதம். பணம் கொடுத்து வாங்கிய விமானம் என்றாலும், அதை வேறு ஒருவருக்குக் கொடுக்கும்போது தயாரித்த நாடு குறுக்கே வரலாம் என்று அப்போது புரிந்தது.

அப்போ இப்போது இந்தியா எங்கே நிற்கிறது?

லைசென்ஸ் வாங்கிய நாடு என்ற இடத்திலிருந்து, விமானம் கொடுக்கும் நாடு என்ற இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. மொரீஷியஸின் கடலோரக் காவல்படை 1990களிலிருந்தே டோர்னியரைப் பயன்படுத்துகிறது. செஷல்ஸுக்கு 2013இல் ஒன்றும் 2018இல் இன்னொன்றும் போயின. மாலத்தீவுக்கு 2020 செப்டம்பரில். இலங்கைக்கு 2022இல். தென் அமெரிக்காவின் கயானாவுக்கு 2024இல் இரண்டு, அதற்கு இந்தியாவின் எக்ஸிம் வங்கி கடன் கொடுத்தது. கயானாவின் பெரும் நிலப்பகுதியான எசகிபோவைத் தன்னுடையது என்று வெனிசுவேலா உரிமை கோரிப் பொது வாக்கெடுப்பு நடத்திய சில மாதங்களிலேயே அந்த விமானங்கள் போய்ச் சேர்ந்தன.

இவை எதுவும் குண்டு போடும் விமானங்கள் அல்ல. வயிற்றுப் பகுதியில் ரேடார் பொருத்தி, கடலில் எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் இவற்றில் பெரும்பாலானவற்றின் வேலை. ஆனால் இந்தியப் பெருங்கடலில் இன்று நடக்கும் போட்டியே ‘யார் என்ன பார்க்கிறார்கள்’ என்பதுதான். 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்துச் சிற்பங்களுக்கு நடுவே நடந்தபோது, கடலில் இந்தியக் கப்பல்கள் காவல் நின்றன. அதற்கு மூன்று மாதம் முன்புதான், 2019 ஜூலையில், கடற்படையின் ஐ.என்.ஏ.எஸ். 313 என்ற புதிய டோர்னியர் படைப்பிரிவு மீனம்பாக்கத்தில் தொடங்கப்பட்டிருந்தது.

மாலத்தீவில் என்ன ஆனது?

‘பாஸ்வேர்டு யாரிடம்’ என்ற கேள்விக்கு நேரடியான பதில் மாலத்தீவில் கிடைத்தது. இந்தியா கொடுத்த ஒரு டோர்னியரையும் இரண்டு ஹெலிகாப்டர்களையும் இயக்கவும் பராமரிக்கவும் சுமார் 80 இந்திய ராணுவத்தினர் அங்கே இருந்தார்கள். 2023 தேர்தலில் ‘இந்தியப் படை வெளியேற வேண்டும்’ என்று சொல்லி முகமது முய்சு வென்றார். 2024 மே 10க்குள் அவர்கள் எல்லோரும் திரும்பினர்.

அதற்கு மறுநாளே மாலத்தீவு பாதுகாப்பு அமைச்சர் கஸ்ஸான் மௌமூன், இந்த விமானங்களை இயக்கும் தகுதி பெற்றவர்கள் தங்கள் படையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ராணுவத்தினருக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து சிவிலியன் ஊழியர்கள் போனார்கள். விமானங்கள் அங்கேயே இருந்தன. சீருடை மட்டும் மாறியது.

இதை இந்தியாவின் வெற்றி என்று சிலர் சொல்லலாம். முழு உண்மை அதுவல்ல. பராமரிப்பு கையில் இருந்தும் இந்தியாவால் அந்தத் தேர்தல் முடிவை மாற்ற முடியவில்லை, படை வெளியேறுவதைத் தடுக்க முடியவில்லை. அதே காலத்தில் மாலத்தீவு துருக்கியிடமிருந்து ட்ரோன்களை வாங்கியது. ஒரே ஐ.டி. டீமை நம்பி இருப்பது பிடிக்காதவர் வேறு கம்பெனி லேப்டாப் வாங்குவது போல. பிடி இறுகினால் வாங்குபவர் வேறு கடையைத் தேடுவார்.

இலங்கை விஷயத்தில் நமக்கு என்ன?

இங்கேதான் செங்கல்பட்டு மறுபடி வருகிறது. தாம்பரம் விமானப்படை நிலையத்தில் விமானிகளுக்குக் கற்றுத்தரும் பயிற்சியாளர்களை உருவாக்கும் பள்ளியும், தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் உள்ளன. நட்பு நாடுகளின் படையினரும் இந்த நிலையத்துக்கு வந்து படிப்பது வழக்கம். 2012 ஜூலையில் இலங்கை விமானப்படையினர் 9 பேர் அங்கே பயிற்சியில் இருப்பது தெரிந்ததும் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. இறுதிப் போர் முடிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. முதல்வர் ஜெயலலிதா அவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார். மத்திய அரசு அவர்களைப் பெங்களூரு எலஹங்காவுக்கு மாற்றியது. இடத்தை மாற்றினால் போதாது, நாட்டை விட்டே அனுப்ப வேண்டும் என்று ஜெயலலிதா மீண்டும் வலியுறுத்தினார்.

பத்து ஆண்டுகள் கழித்து, டோர்னியரை ஓட்டவும் பராமரிக்கவும் இலங்கை விமானப்படையினர் இந்தியாவில் சுமார் நான்கு மாதம் பயிற்சி பெற்றார்கள். பெரிய சர்ச்சை எழவில்லை. 2023 ஆகஸ்டில் அந்த விமானம் பராமரிப்புக்காக இந்தியா திரும்பியது, பதிலுக்கு இன்னொரு டோர்னியர் அனுப்பப்பட்டது. மாலத்தீவோடு ஒப்பிட்டால் இது வேறு மாதிரி. ஓட்டுபவர்கள் இலங்கையர், பெரிய சர்வீஸுக்கு இந்தியா.

கவனிக்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. கடலைக் கண்காணிக்கும் விமானத்துக்குச் சீனக் கப்பல் மட்டும் தெரியாது, மீன்பிடிப் படகும் தெரியும். 2024ஆம் ஆண்டில் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் ராமநாதபுரம், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் பக்கத்தினர். கோவளம், மாமல்லபுரம் மீனவர்களின் ஃபைபர் படகுகளுக்கு எல்லைப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. ஆனால் பாக் நீரிணையில் இரு கரைக்கும் இடையே இருப்பது சில பத்து கிலோமீட்டர்தான்.

டோர்னியர் தகவலை வைத்து இவர்கள் பிடிக்கப்பட்டார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அப்படிச் சொல்வது பொறுப்பாகாது. தவிர, இழுவைமடிப் படகுகளால் வலையையும் வருமானத்தையும் இழப்பதாகச் சொல்லும் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களும் தமிழர்கள்தான். தங்கள் கடலைப் பார்க்க இலங்கைக்கு உரிமை உண்டு. ஆனால் நம் வரிப்பணத்தில் போகும் விமானம், நம் ஆட்கள் பயிற்சி கொடுத்த விமானம் என்னும்போது, அதன் தகவல் மீனவர் விவகாரத்தில் எப்படிப் பயன்படும் என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு. சிக்கிய படகைத் தேடி மீட்கவா, பிடிக்கவா?

2025 ஏப்ரலில் மோடி கொழும்பு போனபோது இரு நாடுகளும் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடுத்தடுத்து இன்னும் உபகரணங்கள் போக வாய்ப்பு உண்டு. இந்தக் கேள்வியை அப்போது கேட்காமல், கைதுகள் நடந்த பிறகு கேட்டால் பயன் குறைவு.

கடைசியில் யாரிடம் பிடி?

சுருக்கமாகச் சொன்னால், பிடி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இன்ஜின், உதிரிபாகம், பெரிய சர்வீஸ், பயிற்சி: இவை கொடுப்பவரிடம். எங்கே பறப்பது, யாரைப் பார்ப்பது, பார்த்ததை யாரிடம் சொல்வது: இவை வாங்குபவரிடம். முதல் பாதியை வைத்து இரண்டாவது பாதியை வாங்கிவிடலாம் என்று நினைத்த நாடுகள் ஏமாந்திருக்கின்றன. 1944இல் ருமேனியாவை நம்பிய ஜெர்மனி அதற்குப் பெரிய உதாரணம். கட்டுநாயக்கவில் டோர்னியர் இறங்கிய மறுநாள் சீனக் கப்பல் வந்தது சின்ன உதாரணம்.

பராமரிப்பு என்பது வெறும் பிடி மட்டும் அல்ல, உயிர்ப் பிரச்சினையும்கூட. 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து ரோந்துக்குக் கிளம்பிய கடலோரக் காவல்படையின் டோர்னியர் ஒன்று இரவில் மறைந்தது. ஒரு மாதத் தேடலுக்குப் பிறகு, கடலூர் பக்கம் ஆழ்கடலில் அதன் சிதைவுகள் கிடைத்தன. அதில் இருந்த மூன்று பேரும் உயிரிழந்தார்கள். கடலுக்கு மேல் தாழ்வாகப் பறக்கும் வேலை எப்போதுமே ஆபத்தானது. இன்னொரு நாட்டுக்கு விமானம் கொடுக்கும்போது அந்தப் பொறுப்பிலும் பங்கெடுக்கிறோம்.

அதனால், அடுத்த முறை ‘நட்பு நாட்டுக்கு இந்தியா விமானம் பரிசு’ என்று நோட்டிஃபிகேஷன் வந்தால் ரிப்பன் வெட்டும் போட்டோவைத் தாண்டி மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஓட்டப்போவது யார்? சர்வீஸ் எங்கே நடக்கும்? ரேடாரில் தெரிவது யாருக்கெல்லாம் போகும்? முதல் இரண்டுக்கும் அரசு அறிக்கையிலேயே பெரும்பாலும் பதில் இருக்கும். மூன்றாவதைப் பற்றி அறிக்கைகள் பேசுவது அரிது. நாடாளுமன்றத்தில் நம் எம்.பி.க்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.